துறையில் சொன்னது

படுத்துக் கிடந்தே வினாயகமூர்த்திக்கு முதுகு நொந்தது. தோணியில் கம்பூன்றி நொந்த தோளை அவருக்குத் தெரியும். ஈரவலை இழுத்து மரத்துப்போன விரலைத் தெரியும். அந்த நோவெல்லாம் பால் விடாத ஒரு பிளேன்ரீயோடும் ஒரு தூக்கத்தோடும் போய்விடும். இது போகவில்லை. பாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பியது. பொறுக்கமாட்டாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். பாதித் தூரம் இழுத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. கயிறு கையை விட்டுப் போனது. கிணற்றுக்கட்டில் குந்தி, கரையில் போட்ட மீனைப் போல வாயால் மூச்சு வாங்கினார்.

"வாளியத் தொடாதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது?" அடுப்படியிலிருந்து சீதேவிப்பிள்ளை கத்தினாள். "நான் அள்ளித் தரமாட்டன் எண்டா சொன்னன்?"

"முகம் கழுவத்தான்."

"முகம் கழுவ அரைக் கிணறு வேணுமா? போய்க் குந்துங்க அங்கால. சோறு போடுறன்."

பங்குனி மாதம். வாவிப் பக்கமிருந்து ஒரு சொட்டுக் காற்றில்லை. சீதேவிப்பிள்ளை சோற்றைக் கொண்டுவந்து விறாந்தை நிலத்தில் வைத்து, ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றாள். அந்தப் பீங்கான் தட்டு அவருக்கென்றே ஒதுக்கியது. விளிம்பில் மகள் விதுர்ஷாவின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள். தண்ணீர்க் கிளாசிலும் அதே பொட்டு. சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் கொதிதண்ணீரில் போட்டு, வேறு ஆட்களின் பாத்திரத்தோடு சேராமல் வேலியோரம் கவிழ்த்து வைப்பாள்.

"இறால் இல்லையா?"

"இறாலுக்கு எங்க போறது? தோணிக்குப் போறவர் பாயில கிடக்கிறார். முருங்கையிலச் சுண்டல் கிடக்கு, தின்னுங்க. இரத்தம் ஊறும்."

அவர் தின்றார். இலை தொண்டையில் கரகரத்தது. இருமல் வந்தபோது சீதேவிப்பிள்ளை முந்தானையால் மூக்கை மூடினாள். மூடியதை அவர் பார்த்தார். பார்த்ததை அவளும் கண்டாள்.

தை மாசம் வந்த காய்ச்சல் அது. ஊரில் எல்லா வீட்டிலும் இருமல் கேட்ட காலம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து எல்லாரும் எழும்பிவிட்டார்கள். வினாயகமூர்த்திக்கு மட்டும் மூச்சு முட்டி, உதடு நீலம் பாய்ந்து, மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்துக் கிடத்த வேண்டியதாயிற்று. வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். சுகமாகி வீட்டுக்கு வந்தார். வந்த பிறகும் வேலிக் கடப்படிவரை நடந்தால் களைத்தது. வறட்டு இருமல் விடவில்லை. திரும்பப் போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள், அதன் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் சில மாற்றங்கள் தெரிகின்றன, எதற்கும் செஸ்ட் கிளினிக்கில் சளி கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று துண்டு எழுதித் தந்தார்கள்.

அந்த இடத்துக்கு யார் போவார்கள் என்று ஊருக்குத் தெரியும். சயரோகக்காரர் போவார்கள். பஸ் நிலையத்திலேயே சீதேவிப்பிள்ளை படத்தை உறையிலிருந்து உருவி வெயிலுக்குப் பிடித்தாள். நெஞ்சைப் பாண் வெட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கிய படம். கறுப்பாக இருக்கவேண்டிய இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக் கிடந்தது.

"இத நான் கண்டிருக்கன்" என்றாள். "யாக்கோப்பண்ணன்ட படத்திலயும் இப்பிடித்தான் வெள்ளை கிடந்தது. றோஸ்மேரி அழுதழுது என்னட்டக் கொண்டந்து காட்டினவள்."

யாக்கோப்பு வினாயகமூர்த்தியின் தோணிக் கூட்டாளி. தோணி இவருடையது, வலை அவருடையது. பல வருசத்துக்கு முன்னால் யாக்கோப்புக்குச் சயரோகம் வந்தது உண்மை. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போட்டு, சுகம் என்று எழுதி வாங்கி, அதன் பிறகுதான் மறுபடி தோணியில் ஏறினார். அந்த ஆறு மாதமும் அவர் பெண்சாதி றோஸ்மேரிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் சீதேவிப்பிள்ளைதான்.

வீச்சுவலை வீசுகிறவனுக்கு இரண்டு கை போதாது. வலையைக் கொத்தாக இடக்கையில் தூக்கி, ஒரு பங்கைத் தோளில் போட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஓரிடத்தைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் சுழன்று வீசவேண்டும். வலை விரிகிற அந்தக் கணத்தில் வாயைத் திறக்கவேண்டும். திறக்கப் பிந்தினால் பல்லும் போகும். ஒருவர் கம்பூன்ற மற்றவர் வீசுவார், கை ஓய்ந்தால் மாறுவார்கள். ஒரே வலை, ஒரே விளிம்பு, இரண்டு வாய். இத்தனை வருசமும் அதைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. பஸ் நிலையத்தில், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சீதேவிப்பிள்ளை நினைத்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஓட்டோவைத் துறையடியில் நிறுத்தச் சொன்னாள். வினாயகமூர்த்தி பின் சீற்றில் இருந்தார். இறங்கவில்லை.

மீன் நிறுக்கிற நேரம். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டி வருகிற வியாபாரி கச்சி முகம்மது தராசோடு நின்றார். சுற்றி வலைக்காரர்கள். யாக்கோப்பு பூவரசின் கீழ் வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்போது இருமல் இருந்தது. சீதேவிப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போன நல்ல சேலையோடு நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"சயத்த நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டு என்ட மனிசனோட ஒரு வலையக் கடிச்சாயே, நீ மனிசனா?"

"என்ன சீதேவி? என்ன கதைக்கிறாய்?"

"சுகம் சுகம் எண்டு ஊர ஏமாத்தினாய். இந்தா படம் கிடக்கு. பாருங்க எல்லாரும். இவன்ட நோய்தான் அவருக்குள்ள கிடக்கு. எனக்கு ஒரு குமர்ப் புள்ள இருக்காடா, குமர்ப் புள்ள!"

யாக்கோப்பு வலையைக் கீழே வைத்தார். அவள் அதை வாரித் தூக்கி, தேத்தண்ணிக்கு மூட்டியிருந்த சிரட்டை நெருப்பில் போட்டாள். நைலோன் சுருண்டு உருகிக் கறுப்பாக ஒழுகியது. ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாகச் சாம்பலில் விழுந்தன. யாரும் கிட்டப் போகவில்லை. யாக்கோப்பு தலையைத் திருப்பி ஓட்டோவைப் பார்த்தார். வினாயகமூர்த்தி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு யாக்கோப்பை யாரும் தோணியில் ஏற்றவில்லை. ஒரு பழைய வலையை யாரிடமோ கேட்டு வாங்கி, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீசினார். அதில் விழுகிற பொடி மணலை மீனைக் கூடக் கச்சி முகம்மது எடுக்கவில்லை. "எனக்கு ஒண்டுமில்ல அண்ணன். வாங்கிற சனம் ஆர்ர மீன் எண்டு கேக்குது. நான் பொய் சொல்லி விக்கவா?" என்றார்.

முருங்கையிலைச் சுண்டலோடு வினாயகமூர்த்தி சோறு தின்ற பீங்கானைச் சீதேவிப்பிள்ளை எடுத்துப் போகிறபோது கடப்படியில் றோஸ்மேரியின் குரல் கேட்டது.

"சீதேவியக்கா."

முன்பென்றால் குரல் கொடுக்காமலே அடுப்படிவரை வருகிறவள். இப்போது கடப்புக்கு வெளியே, வெயிலில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றாள். வினாயகமூர்த்தி எழுந்து அறைக்குள் போய்க் கதவோரம் இருந்துகொண்டார்.

"என்னகா?" சீதேவிப்பிள்ளை அசையவில்லை.

"குடுத்த சளிக்கு நாளைக்கு மறுமொழி வருமெண்டு கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னது?"

"ஊர் சொல்லுது. ஊர்தானே இப்ப எங்களுக்குப் பேப்பர்."

"அதுக்கென்ன?"

"நானும் வரட்டா எண்டு கேக்க வந்தன். டொக்டர் சொல்றத என்ட காதாலயும் கேக்கவேணும்."

"நீ என்னத்துக்கு? ஒன்ட புருசன்ட படமா?"

றோஸ்மேரி துவாயால் கழுத்தைத் துடைத்தாள். "விக்கிறதுக்கு விடிய அவிச்ச இடியப்பத்த இண்டைக்கும் ஆரும் வாங்காம கோழிக்குப் போட்டன் அக்கா. கோழி கொழுத்திற்று. கோழிக்கு மட்டும்தான் எங்கள்ல பயமில்ல. ஞாயிற்றுக்கிழமை பூசையில எங்கட வாங்கில குந்த நானும் அவரும் மட்டும். பிஷப்புக்கு ஒதுக்கினமாதிரி. கைய நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம்."

"நான் ஒருத்தரையும் எழும்பிப் போகச் சொல்லல்ல."

"நீங்க சொல்லத் தேவையில்ல. துறையில சொன்னதே காணும்." துவாயை இழுத்துவிட்டாள். "அக்கா, ஒண்டு கேக்கிறன். கோவிக்காதீங்க. மூர்த்தியண்ணன் மாங்கேணிக்குப் போய் வந்துதானே காய்ச்சலெண்டு கிடந்தார்? எங்கட ஆளுக்கு அதுக்குப் பொறகுதானே?"

"கதையத் திருப்பாத றோஸ்மேரி."

"திருப்பல்ல. கேக்கிறன்."

"போ. வெயிலுக்க நிக்காத."

றோஸ்மேரி போனாள். கதவோரம் இருந்த வினாயகமூர்த்திக்கு அது கேட்டது. மாங்கேணிக்கு அவர் போனது விதுர்ஷாவின் சம்பந்தம் பேச. மாப்பிள்ளை மதுஷன், போட் இஞ்சின் திருத்துகிற பொடியன், குடிக்காதவன். அந்த வீட்டில் ஆளுக்காள் இருமிக்கொண்டுதான் விருந்து வைத்தார்கள். நல்ல நண்டுக் கறி. திரும்பி வந்த அன்றே உடம்பு அனலாக இருந்தது. அடுத்த நாள் விடிய யாக்கோப்பு முகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், நீ படு. நான் ஒருத்தன் போய் வாறன்" என்றார். இறால் படுகிற நேரம். கலியாண வீடு வருகிறது. "விசரா ஒனக்கு? வெறும் சளித் தடிமன்டா இது" என்று சொல்லிவிட்டு வினாயகமூர்த்தி தோணியில் ஏறினார். ஒரு கிழமை ஏறினார். முகத்துக்கு முகம் பார்த்து இருமினார்.

இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குள் வைத்துக்கொண்டார். கேட்கிற ஆள் வந்து கடப்படியில் நின்றபோது அறைக்குள் போய் ஒளித்துக்கொண்டார்.

மறுநாள் கிளினிக்கில் வெளியே வாங்குப் பலகையில் இருந்த ஆட்களைப் பார்க்காமல் சீதேவிப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றாள். தெரிந்த முகம் வந்தால் என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே ஒரு பொய் தயார் பண்ணியிருந்தாள். பேர் கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஸஹ்ரா இளம் பெண். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். வினாயகமூர்த்தியின் விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். அறைக்கு வெளியே கொரிடோரில் நடக்கவிட்டு, திரும்பவும் மாட்டிப் பார்த்தாள்.

"இரிங்க ஐயா. முதல்ல நல்ல விசயத்தச் சொல்றன். சளி மூணு தரமும் பாத்தாச்சு. சயரோகம் இல்ல."

சீதேவிப்பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றது. "இல்லையா?"

"இல்ல. இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்றன்."

"அப்ப இந்த வெள்ளை? நெஞ்சு நிறையக் கிடக்கே மிஸ்?"

"வெள்ளையெண்டா எல்லாம் சயரோகமா அம்மா? கறுப்பாத் தெரியிறது காத்து. காத்து நிக்கவேண்டிய இடத்தில வேற என்ன நிண்டாலும் படத்தில வெள்ளையாத்தான் விழும். சளி நிண்டாலும் வெள்ளை, வீங்கினாலும் வெள்ளை, தழும்பும் வெள்ளை. ஐயாக்கு வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்குள்ள போய் நுரையீரல வேக வச்சிற்றுப் போயிருக்கு. காய்ச்சல் போயிற்று. அது செஞ்ச வீக்கம் இன்னும் முழுசாப் போகல்ல. இந்தா, மூட்டமாத் தெரியிற இடம். இது வீக்கம். இந்தக் கோடு கோடாத் தெரியிறது ஆறிக்கொண்டு வாற இடம்."

வினாயகமூர்த்தி முதன்முதலாகப் படத்தை நேரே பார்த்தார். "வெள்ளம் வத்தினாப் போல தண்ணி கலங்கிக் கிடக்குமே மிஸ். அதுமாதிரியா?"

"அப்பிடி வச்சுக்கொள்ளுங்களன்."

"அப்ப தெளியும்."

"பெரும்பாலும் தெளியும். கிழமைக் கணக்கில்ல, மாசக் கணக்கு. ஆனா முழுக்கத் தெளியும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். சில பேருக்குக் கொஞ்சம் தழும்பு நிண்டு போகும். அதோடயும் தொழில் செய்யலாம். மூணு மாசத்தில திரும்ப ஒரு படம் எடுத்துப் பாப்பம். கூடுதா குறையுதா எண்டு அப்பதான் தெரியும். ஒரு படத்த வச்சு முடிவு கட்டக்கூடாது."

"கம்பூன்றலாமா?"

"இப்ப வேணாம். நடங்க. களைச்சா நில்லுங்க, மறுகா நடங்க. படுத்தே கிடந்தா சதையும் போகும், மூச்சும் ஏறாது. முதுகு நோகுமே?"

"நோகுது."

"அது படுக்கையால. மூச்சுப் பயிற்சி நேர்ஸ் காட்டித் தருவாங்க. பீடி?"

"விட்டுட்டன்."

"எப்ப?"

"காய்ச்சலோட."

"திரும்பத் தொடாதீங்க. அடுப்புப் புகையிலயும் இரிக்காதீங்க. மூச்சு இன்னும் மோசமானா, சளியில இரத்தம் கண்டா, உதடு நீலிச்சா, மூணு மாசம் பாத்துக்கொண்டு இரிக்காம ஒடன வாங்க. வெளங்கிச்சா அம்மா?"

சீதேவிப்பிள்ளை தலையாட்டினாள். கையில் கைக்குட்டையைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள். "மிஸ்... பழைய சயக்காரன் ஒருத்தர் கடிச்ச வலைய இவரும் கடிச்சா?"

டொக்டருக்குப் புரியவில்லை. வினாயகமூர்த்தி கையைத் தோளுக்குக் கொண்டுபோய், வாயைத் திறந்து காட்டினார். "என்ட தோணிக் கூட்டாளி மிஸ்" என்றார். டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் மருந்து முழுக்க எடுத்தவரா?"

"ஓம். ஆறு மாசம்."

"அப்ப அவரிட்ட இருந்து என்ன வாறது? அவருக்கு இப்ப நோயில்ல. இன்னொண்டு, சயரோகம் வலையாலயும் வராது, பீங்கானாலயும் வராது. மருந்தெடுக்காத நோயாளி இருமிற காத்தால வாறது. வீட்டில பீங்கான் பிரிச்சு வச்சிரிக்கீங்களா?"

சீதேவிப்பிள்ளை கைக்குட்டையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"போய் எல்லாத்தையும் ஒண்டாக் கழுவுங்க" என்றாள் டொக்டர். "அந்தக் கூட்டாளிக்கும் காய்ச்சல் வந்ததா?"

"வந்தது" என்றாள் சீதேவிப்பிள்ளை. "அவரும் இருமினார். அதாலதான் நான்..."

"ஒரே தோணியெண்டா வரும்தான். ஆருக்கு முதல் வந்தது?"

பேனாவை எடுத்துக்கொண்டு, எழுதுகிற வேலைக்காகத்தான் கேட்டாள். சீதேவிப்பிள்ளை புருசனைப் பார்க்கவில்லை. அவர் பார்க்கிறாரா என்றும் பார்க்கவில்லை.

"எனக்கு" என்றார் வினாயகமூர்த்தி. "எனக்குத்தான் மிஸ் முதல். காய்ச்சலோடதான் தோணிக்குப் போனன். வேணாமெண்டு அவன் சொன்னவன்."

"அப்ப நீங்கதான் அவருக்குக் குடுத்திரிக்கீங்க" என்று டொக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுதினாள். "அவருக்கு இன்னும் இருமல் இருந்தா வந்து காட்டச் சொல்லுங்க."

பஸ்ஸில் இருவரும் ஒரே சீற்றில் இருந்தார்கள். பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது.

"சயமில்ல எண்டா பெரிய காரியம்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "மாமாங்கப் பிள்ளையாருக்கு நூறு தேங்கா உடைக்கிறதா நேந்திருக்கன்."

"யாக்கோப்புக்கு என்ன உடைக்கப் போறாய்?"

அவள் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பினாள். "நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"என்னத்த?"

"முதல் ஒங்களுக்குத்தான் எண்டு. எனக்கு மறந்திற்று. ஆஸ்பத்திரியும் ஒட்சிசனுமாக் கிடந்ததில நாள் மாறிப் போயிற்று எனக்கு. ஒங்களுக்கு மறக்கல்லயே? நான் துறையில பேய் மாதிரி ஆடக்குள்ள நீங்க ஓட்டோக்குள்ள இருந்தீங்க. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன்."

அன்றைக்கு ஓட்டோவில் அவருக்கு மூச்சு முட்டியது உண்மை. ஆனால் ஒரு சொல்லுக்கு மூச்சு இருந்தது. அதைவிடக் கேவலமான ஒன்று அவருக்குத் தெரியும். நோயை யாரோ தந்தார்கள் என்று கேட்டபோது அவருக்கு ஒரு ஆறுதல் வந்தது. தான் தேடிக்கொண்டதில்லை, தனக்குச் செய்யப்பட்டது என்று. அந்த ஆறுதலுக்காகத்தான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறையில போய்ச் சொல்லவேணும்" என்றார்.

"சொல்லத்தான் வேணும். நான் வேணாமெண்டு சொல்லல்ல." குரலைத் தாழ்த்தினாள். "கலியாணம் முடியட்டும். மாங்கேணியில இருந்து காய்ச்சல் வந்ததெண்டு துறையில சொன்னா அண்டைக்கே அங்க கேக்கும். மதுஷன்ட மாமன் கிழமைக்கு ரெண்டு தரம் அங்கதான் நண்டெடுக்க வாறார். விருந்து வச்ச வீட்டப் பழி சொன்னமாதிரி ஆகும். மறுகா ஒங்கட நெஞ்சில தழும்பு எண்டும் கதை போகும்."

"யாக்கோப்புக்கு நெஞ்சில்லையா?"

"கத்தாதீங்க. இருமப் போறீங்க."

இருமினார். முன் சீற்றுப் பெண் திரும்பிப் பார்த்து, பிள்ளையை மற்ற மடிக்கு மாற்றினாள்.

அன்று பின்னேரம் விதுர்ஷா வேலியோரம் கிடந்த பீங்கானை எடுத்து வந்து, சிவப்புப் பொட்டைச் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் பளபளப்புப் போய் மங்கலாக நின்றது. ஒன்றும் சொல்லாமல் அதில் தனக்குச் சோறு போட்டு, தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தித் தின்றாள்.

வினாயகமூர்த்தி புது வலை வாங்கினார். ஈயக்குண்டு கோத்து, விளிம்பு கட்டி, எல்லாம் பாயிலிருந்தே செய்தார். களைத்தால் நிறுத்தி, நேர்ஸ் காட்டியபடி உதட்டைக் குவித்து மூச்சு விட்டார். முடிந்ததும் வலையை உரப்பையில் போட்டு, யாக்கோப்பின் வீட்டுக்கு நடந்தார். கிட்டத்தான். நாலு இடத்தில் நின்று போகவேண்டியிருந்தது.

யாக்கோப்பு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் விறகு கொத்திக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் கோடரியை ஊன்றி நின்றார். கால் இரண்டும் கணுக்கால்வரை சேற்றுப்புண்.

"வா" என்றார். "ஒனக்குச் சயமில்லையாமே. வாழ்த்துக்கள்."

"மச்சான்..."

"இரு. றோஸ்மேரி, மூர்த்தி வந்திருக்கான். தேத்தண்ணி ஊத்து. பயப்படாத, இவனுக்கு நோயில்ல."

வினாயகமூர்த்தி மரக்குற்றியில் இருந்தார். வலையை எடுத்து வைத்தார். சொல்லவேண்டியதைச் சொன்னார். டொக்டர் கேட்டது, தான் சொன்னது, ஓட்டோவில் வாய் திறக்காமல் இருந்தது. றோஸ்மேரி தேத்தண்ணியோடு வந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

"நான்தான் ஒனக்குக் காய்ச்சலத் தந்தன்" என்றார். "நீ படு எண்டாய். நான் கேக்கல்ல. என்ன மன்னி மச்சான்."

யாக்கோப்பு வலையை விரித்துப் பார்த்தார். விளிம்பை விரலால் ஓட்டி, குண்டுகளின் இடைவெளியைப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்காய். பாயில கிடந்தும் கை பிசகல்ல" என்றார். "வலைய வச்சுக்கொள்ளுறன். எனக்குத் தொழில் வேணும். நெருப்பில போன வலைக்கு வலை சரி."

"அப்ப..."

"சொல்லுக்கு?"

றோஸ்மேரி, "இஞ்சேருங்க, வீடு தேடி வந்தவர..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. வீடு தேடி வந்தானெண்டுதான் தேத்தண்ணி." யாக்கோப்பு குந்தினார். குரல் உயரவில்லை. "மூர்த்தி, ஒன்ட பொஞ்சாதி துறையில சொன்னா. முகம்மது கேக்க, முழுத் துறையும் கேக்கச் சொன்னா. நீ என்ட கோடிக்குள்ள வந்து, விறகுக்கும் கோழிக்கும் கேக்கச் சொல்றாய். கோழிக்கு முதலே தெரியும் எனக்கு நோயில்லையெண்டு. துறையில சொன்னதத் துறையில வந்து எடு. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

"சொல்றன்."

"எப்ப?"

"நாளைக்கு விடிய."

யாக்கோப்பு கிளாசை அவர் பக்கம் தள்ளினார். "தேத்தண்ணியக் குடி. ஆறுது" என்றார்.

விடிய வினாயகமூர்த்தி துறைக்குப் போனார். சீதேவிப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. நெஞ்சு சொன்னபடி கேட்டது. மூச்சு நன்றாகவே ஏறி இறங்கியது. தோணிகள் வந்து கரை ஏறிக்கொண்டிருந்தன. கச்சி முகம்மது தராசைத் தொங்கவிட்டிருந்தார். மதுஷனின் மாமன் நண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சாரமும் கையில் ஹெல்மெட்டுமாக நின்றார். கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில், புது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு யாக்கோப்பு நின்றார். வீசவில்லை. கரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆ, மூர்த்தியர்! எழும்பிற்றீங்க" என்றார் கச்சி முகம்மது. "வாங்க வாங்க. நீங்க இல்லாம எனக்கு நல்ல இறால் தாறதுக்கு ஆளில்ல."

"வாறன் வாறன்."

"சம்பந்தி, எப்பிடி நெஞ்சு?" மாமன் கிட்ட வந்து கையைப் பிடித்தார்.

"பரவாயில்ல. நடக்கச் சொல்லியிருக்காங்க."

"அல்லாட காவல்" என்றார் கச்சி முகம்மது. தராசுத் தட்டில் இறாலைக் கொட்டிக்கொண்டே, தலையைத் தண்ணீர்ப் பக்கம் காட்டிச் சிரித்தார். "யாக்கோப்பர் குடுத்தது இறங்கிற்றா அப்ப?"

இரண்டொரு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இதைவிடச் சரியான இடம் கிடைக்காது. மாமனின் கை இன்னும் அவர் கையில் இருந்தது. சூடாக, சினேகமாக.

"இறங்குது" என்றார் வினாயகமூர்த்தி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. வலை விழுகிற சத்தம் கேட்டது.

விதுர்ஷாவின் கலியாணம் ஆவணியில் நடந்தது. றோஸ்மேரி மட்டும் வந்தாள். மணப்பொம்பிளையைக் கொஞ்சிவிட்டு, பந்தியில் இருக்காமல் போனாள். இரண்டாவது ஸ்கேனில் மூட்டம் பெரும்பகுதி போய்விட்டது, தொழிலுக்குப் போகலாம் என்று டொக்டர் ஸஹ்ரா சொன்னாள். வினாயகமூர்த்தி தோணியில் தனியே போகிறார். யாக்கோப்பு இன்னும் கரையோரம் நடந்துதான் வீசுகிறார். அவருடைய மீனைக் கச்சி முகம்மது இன்னும் எடுப்பதில்லை. கலியாணம் முடிந்துவிட்டது என்று சீதேவிப்பிள்ளைக்கும் தெரியும், வினாயகமூர்த்திக்கும் தெரியும்.

யாக்கோப்புக்கு நோயில்லை, காய்ச்சலைத் தோணிக்குள் கொண்டுவந்தவன் நான்தான் என்று துறையில் நாலு பேர் கேட்கச் சொல்வதற்கு வினாயகமூர்த்தி கடன்பட்டிருக்கிறார். அந்தக் கடன் இன்னும் கொடுபடவில்லை.